பேர் கூப்பிடும் வேலை கிடைத்திருக்கிறது, எனக்கோ திக்குவாய். மலையில் இருக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கட்டபெட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் பரவாயில்லை, வீட்டிலிருந்து பைக்கிலேயே போய் வந்துவிடலாம், கொழுந்து எடுப்பு, கவாத்து, உரம், மருந்தடிப்பு எல்லாம் அப்பாவோடு நின்று பழகிய வேலைதான். பிரச்சினை காலையில் ஆஜர் எடுக்கிற மஸ்டர். செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட வேண்டும், அதுவும் உரக்க, ஏனென்றால் மூடுபனி இறங்கிவிட்டால் பின்வரிசையில் நிற்பவர் முகமே தெரியாது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய்.

இத்தனை வருஷம் அதை வெளியே தெரியாமல் ஓட்டிவிட்டேன். திக்கப்போகிறது என்று தெரிந்த உடனே வேறு வார்த்தைக்குத் தாவிவிடுவேன். காசு வராதென்றால் பணம், பணமும் வராதென்றால் ரூபாய். கல்யாணம் என்பதற்கு விசேஷம். பேக்கரியில் பப்ஸ் சாப்பிட ஆசை இருந்தாலும் வர்க்கி வாங்கிக்கொண்டு வருவேன். தாவ வார்த்தை கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது, "நான் வந்து… வந்து…" என்று ஒரு இழுப்பு. நண்பர்களில் பாதிப் பேர் நான் யோசித்துப் பேசுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் பேரை எப்படி மாற்றுவது? செக்ரோலில் கமலா என்று இருந்தால் கமலாதான். அடுத்து காளியம்மா, அதற்கடுத்து பார்வதி.

போன வாரம் ஒரு பேரில் அப்படியே நின்றுவிட்டேன். தொண்டை பூட்டிக்கொண்டது, சத்தமே இல்லை, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, புத்தகத்தைப் பிடித்திருந்த கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த அக்காவே "இருக்கேன் சார்" என்று குரல் கொடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாளிலிருந்து நான் வாயைத் திறந்து திணறினாலே ஆளுக்கொரு பேரை ஊகித்துக் கத்துகிறார்கள், "லட்சுமியா சார்?", "மாரியா சார்?" என்று. அந்தக் குழப்பத்தில் வேலைக்கே வராத ஒருத்திக்கும் "இருக்கா" விழுந்துவிட்டது. ஒரு பையன் என்னை மாதிரியே பேசிக் காட்டுகிறான். மேனேஜர் "ஆஜர் எடுக்க இவ்வளவு நேரமா" என்கிறார்.

டிக்கெட் கேட்பது, போன் பேசுவது, பேர் கூப்பிடுவது, இந்த மாதிரி இடங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? "மனசு வெச்சா முடியும்" தவிர வேறு எது வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மஞ்சூர்_மழை

தம்பி, நாம் இந்த நீலகிரி மாவட்டத்தில் பிறந்ததே தப்பு. தாலுகா மொத்தம் ஆறு. அதில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், குந்தா என்று நாலு 'க'. சரி, பந்தலூர் போய்ப் பிழைக்கலாம் என்றால் எனக்கு 'ப'வும் வராது. மிச்சம் இருப்பது ஊட்டி ஒன்றுதான்!

காலேஜ் நாட்களில் நடுவழி ஸ்டாப்பில் இறங்க வேண்டியவன், அந்த ஊர்ப் பேர் வாயில் வராமல் ஊட்டிக்கே டிக்கெட் எடுத்துவிட்டுப் பாதியில் இறங்குவேன். "ஊட்டிக்குத்தானே எடுத்தே" என்று கண்டக்டர் கேட்டால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். இப்போது போனில் ஊர்ப் பேரை டைப் பண்ணிக் காட்டிவிடுகிறேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. என்ன ஒன்று, காது கேட்காதவன் என்று நினைத்துக்கொண்டு சில கண்டக்டர்கள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி மீதிச் சில்லறைக் கணக்கைக் கத்திச் சொல்வார்கள்.

மஸ்டருக்கு என்னிடம் வழி இல்லை. யாராவது சொன்னால் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

ஊட்டி_பாய்ஸ்_07

ப்ரோ சிம்பிள். நல்லா மூச்சை இழுத்து விட்டுட்டு தைரியமா பேசுங்க. எல்லாம் பயம்தான். கூழாங்கல்லை வாயில் போட்டுத் தினமும் பேப்பர் படித்தால் சரியாகிவிடும் என்று எங்கள் தாத்தா சொல்வார். பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் இருந்திருக்கிறது. இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ், ஜோ பைடன், ஹ்ரித்திக் ரோஷன்.

சிம்ஸ்பூங்கா

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதானே அவர் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார்? ராஜாவும் ஜனாதிபதியும் நன்றாக இருக்கட்டும், அவர்கள் யாரும் காலை எட்டு மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கேத்திக்கு டிக்கெட் கேட்கவில்லை. கூழாங்கல் தொண்டையில் சிக்கினால் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுவது யார், திக்குகிற நானா?

நான் பெண். இதை ஏன் சொல்கிறேன் என்றால் எங்கள் கதை கொஞ்சம் வேறு. பெண் பார்க்க வந்தபோதெல்லாம் "கேட்டதுக்கு மட்டும் ஆமா இல்லைன்னு சொல்லு, போதும்" என்று அம்மா சொல்லிவைப்பார். நானும் அப்படியே உட்கார்ந்திருப்பேன். அடக்கமான பெண் என்று பேர் வாங்கினேன், அடக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, 'ப'வில் தொடங்கும் என் பேரைச் சொல்லச் சொல்லிவிடுவார்களோ என்று உள்ளங்கை வியர்த்துக்கொண்டிருக்கும். நேர்முகத் தேர்வு கிடையாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் குரூப் 4 எழுதினேன். வேலை கிடைத்தது, ஆனால் உட்காரவைத்த இடம் கவுன்டர். மேஜையில் போன் வேறு.

கட்டபெட்டுத் தம்பிக்கு ஒன்று. சொந்தப் பேரும் அடுத்தவர் பேரும்தான் எங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கஷ்டம், காரணம் நீங்களே சொன்னதுதான், தாவ இடம் இல்லை. செக்ரோல் நம்பர் இருக்குமே, அதைச் சொல்லிக் கூப்பிட முடியாதா? எட்டு, ஏழு, ஒன்பதெல்லாம் உயிரெழுத்து, சுலபமாக வருமே.

சேரம்பாடி_பெரியவர்

நம்பர் வேண்டாம் அம்மா.

நாங்கள் 1964 இந்தியா-சிலோன் ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பம். அங்கேயும் தோட்டம், இங்கேயும் தோட்டம். ஆஜர் எடுக்கிற பெரட்டுக் களத்தில் அப்பாவை நம்பர் சொல்லிக் கூப்பிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பேர் இருக்கிற மனுஷரை நம்பராகக் கூப்பிட்டால் வேலை செய்வார்கள், ஆனால் கூப்பிட்டவனை மறக்க மாட்டார்கள். திக்கித் திக்கியாவது பேரைச் சொல், தம்பி.

எனக்கும் திக்குவாய்தான், வயது அறுபதைத் தாண்டியும் போகவில்லை. தோட்டத்தில் கணக்கு வேலை பார்த்தேன், சம்பள நாளில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டும். சேர்ந்த புதிதிலேயே சொல்லிவிட்டேன், "எனக்குப் பேச்சு திக்கும், நீங்க முந்திக்கிட்டுச் சொல்லாதீங்க, நானே சொல்லி முடிக்கிறேன், சம்பளம் யாருக்கும் குறையாது" என்று. கொஞ்ச நாள் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. வெளியாள் யாராவது சிரித்தால் எங்கள் லயத்து, அதாவது தோட்டக் குடியிருப்புப் பொம்பளைகளே அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்கள்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். ஒரு ராத்திரி லயத்துக்குப் பின்னால் பலா மரத்தில் யானை. நான்தான் முதலில் பார்த்தேன். "யானை! யானை! எல்லாரும் உள்ள போங்க!" என்று கத்தினேன், ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. விடிந்ததும் ஊரே கேலி, கணக்கருக்குப் பேச்சு வரணும்னா யானை வரணும் என்று. அப்போதுதான் நானும் யோசித்தேன், வாய் நன்றாகத்தானே இருக்கிறது, பின்னே எங்கே கோளாறு?

பேச்சுப்பயிற்சி_கோவை

ஐயா கேட்டது சரியான கேள்வி. நான் கோவையில் பேச்சுப் பயிற்சியாளர், சொந்த ஊர் குன்னூர்.

வாயிலும் நாக்கிலும் கோளாறு இல்லை. பேச்சுக்கு உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு எல்லாம் ஒன்றுக்கொன்று நேரம் தப்பாமல் சேர்ந்து இயங்க வேண்டும், அந்த நேரக்கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மூளை இணைப்புகளில் இவர்களுக்குச் சிறு வேறுபாடு இருக்கிறது. பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் தொடங்கும். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 5 பேருக்குக் கொஞ்ச காலமாவது இருக்கும், அவர்களில் பெரும்பாலோருக்குப் போய்விடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில் தங்கிவிடுகிறது, அதில் பெண்களைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு ஆண்கள். குடும்ப வழியிலும் வரும். பாகிஸ்தானில் திக்குவாய் அதிகம் உள்ள குடும்பங்களிலிருந்து தொடங்கிய ஆய்வு ஒன்றில், இதோடு தொடர்புடைய மரபணு மாற்றங்கள் இருப்பது 2010இல் வெளிவந்தது. ஆக, பயம் காரணம் அல்ல. பலமுறை மாட்டிக்கொண்ட பிறகு பயம் வருகிறது, வந்த பயம் திக்கலைக் கூட்டுகிறது. தனியாகப் பேசும்போதும், பாடும்போதும், நாலு பேரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை, சட்டென்று கத்தும்போதும் பலருக்கு அப்படித்தான்.

இனி மஸ்டர். கட்டபெட்டுக்காரர் எழுதியதில் கழுத்து இழுத்தது, விரல் வெளுத்தது என்று இருக்கிறதே, அது திக்கல் அல்ல, திக்கலைத் தள்ளி உடைக்கப் பார்த்த முயற்சி. அடைப்பு வந்ததும் எல்லோரும் தள்ளுவார்கள், தள்ளத் தள்ள இன்னும் இறுகும். சார்லஸ் வான் ரைப்பர் என்று ஒரு அமெரிக்கர், அவருக்கே கடுமையான திக்குவாய், இதற்கு ஒரு வழிமுறையை வகுத்தார். திக்காமல் பேசுவதற்குப் பதில் இறுக்கம் இல்லாமல் திக்கப் பழகுவது. மாட்டிக்கொண்டால் அங்கேயே நில்லுங்கள், விட்டு ஓடாதீர்கள், எங்கே இறுகியிருக்கிறது என்று பாருங்கள், அதைத் தளர்த்தி மெதுவாக இழுத்தபடி வெளியே வாருங்கள். தள்ளித் தள்ளிச் சொல்லி முடித்துவிட்டால், ஒரு கணம் நிறுத்தி, அதே பேரை இலேசாக இன்னொரு தடவை சொல்லுங்கள். கேட்பவருக்காக இல்லை, உங்கள் தொண்டைக்காக.

'க'வுக்கு ஒரு வழி. "அகம்" என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் 'க'வுக்கு அடிநாக்கு மேலே சரியாகக்கூட ஒட்டாது, காற்று கசிந்தபடியே இருக்கும். "கமலா"வின் முதல் 'க' அப்படி இல்லை, முழுக்க அடைத்துத் திறக்கிறோம். அந்த அடைப்பில்தான் மாட்டுகிறீர்கள். நடு 'க'வைத் தொடுகிற மாதிரி முதல் 'க'வையும் இலேசாகத் தொட்டுக்கொண்டு போங்கள். கொஞ்சம் குழைந்து "ஹமலா" மாதிரி கேட்கும், அந்த அக்காவுக்குத் தன் பேர் புரியாமல் போகாது. 'ப'வுக்கும் அப்படியே, உதட்டை ஒட்டி அழுத்தாமல் உரசிவிடுங்கள். வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்தால் நன்றாக வரும், அதை நம்பிவிடாதீர்கள், முதலில் வீட்டு ஆள் ஒருவர் முன்னால், பிறகு போனில், கடைசியாக மஸ்டரில் என்று படிப்படியாகப் போக வேண்டும்.

இன்னொன்று கேட்டால் கோபம் வரும். திக்காத பேரில் வேண்டுமென்றே திக்கிப் பாருங்கள். "ல-ல-லட்சுமி" என்று, இறுக்கம் இல்லாமல், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு. நாமே திக்கினால் அதன்மேல் உள்ள பயம் மெதுவாகக் குறையும்.

"வந்து… வந்து…" விஷயத்தில் ஜாக்கிரதை. முதலில் கைகொடுக்கும், கொஞ்ச நாளில் அந்த "வந்து"விலேயே திக்க ஆரம்பிக்கும்.

கட்டபெட்டுக்காரன்

ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது மேடம்.

கல்லட்டி_36

நான் டாக்சி ஓட்டுகிறேன். பெரியவர் சொன்ன "முதல்லயே சொல்லிடு" என் பிழைப்புக்கு ஒத்துவராது, மன்னிக்கவும். தோட்டத்தில் தினமும் அதே முகங்கள், பழகிவிடும். எனக்குத் தினமும் புது ஆள். பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ போன் பண்ணி "மூணு நாள் பேக்கேஜ் எவ்வளவு" என்று கேட்பவரிடம் என் திக்குவாய்க் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த நம்பருக்குப் போய்விடுவார்.

போனில் என்ன நடக்கிறது தெரியுமா? எனக்கு அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. எதிர்முனையில் "ஹலோ? ஹலோ? டவர் இல்லையா?" நம் ஊரில் நிஜமாகவே டவர் போகும் என்பதால் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள், கட் பண்ணிவிட்டுத் திரும்பக் கூப்பிடுவார்கள். அதற்குள் எனக்கு ஒரு மூச்சு கிடைக்கும். இரண்டாம் தடவையும் அடைத்தால் "சார், கா-காட்டுக்குள்ள இருக்கேன், வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்" என்று முடித்துவிடுவேன். ரேட், இடங்கள், வெளியூர் வண்டி ஊட்டிக்கு வர வேண்டிய இ-பாஸ் எடுக்கிற லிங்க் எல்லாம் ஒரே மெசேஜாக எழுதி வைத்திருக்கிறேன். 2024 மே மாதம் இ-பாஸ் வந்ததிலிருந்து அதைப் பற்றிக் கேட்டே பாதிப் போன் வருகிறது, அதனால் அந்த மெசேஜ் தெய்வம்.

மேடம் சொன்ன தளர்த்துகிற விஷயம் மட்டும் எனக்குப் புரிந்தது. கல்லட்டி இறக்கத்தில் புது டிரைவர்கள் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார்கள், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். தெரிந்தவன் செகண்ட் கியரில் போட்டு விட்டுவிடுவான். அந்த மாதிரி என்று வைத்துக்கொள்கிறேன்.

சிம்ஸ்பூங்கா

கல்லட்டி அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் கேட்கிறேன், தினமும் டவர் மேல் பழி போட்டுப் போட்டு ராத்திரி வீட்டுக்கு வரும்போது எப்படி இருக்கிறது? எனக்குத் திக்கிய நாளைவிட, திக்கிவிடுவோமோ என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்கூட்டியே புரட்டிப் புரட்டிப் பார்த்த நாள்தான் அதிகம் களைப்பாக இருக்கும். எதிரில் இருப்பவர் சொன்னது பாதி காதில் விழுந்திருக்காது.

கவுன்டரில் இப்போது நான் செய்வது இவ்வளவுதான். எதிரில் வருபவரிடம் "பேச்சு கொஞ்சம் திக்கும், இருங்க" என்று ஒரே வரி. மன்னிப்புக் கேட்பதில்லை, சிரித்து மழுப்புவதில்லை. தொண்ணூறு வயசுப் பாட்டி ஒருத்தர் "பரவால்ல கண்ணு, எனக்கும் காது கேக்காது, நிதானமாச் சொல்லு" என்றார். ஆனால் போன் மணி அடித்தால் இன்றைக்கும் பக்கத்து மேஜைக்காரரைப் பார்க்கிறேன், அவரும் எடுத்துவிடுகிறார். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

கல்லட்டி_36

ராத்திரி எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே. வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சம்சாரம் கோபம் என்று நினைத்துக்கொள்ளும்.

ஊட்டி_பாய்ஸ்_07

சாரி கய்ஸ், தெரியாமல் எழுதிவிட்டேன். ஒரு டவுட். என் கிளாஸ்மேட் ஒருத்தன் இப்படித்தான் பேசுவான். அவன் மாட்டிக்கொண்டால் நான் வார்த்தையை எடுத்துக் கொடுப்பேன். அது உதவியா இல்லையா?

மஞ்சூர்_மழை

எடுத்துக் கொடுக்காதே தம்பி. பாதி நேரம் தப்பான வார்த்தையைக் கொடுப்பாய், அதை இல்லை என்று சொல்ல அவன் இன்னொரு தடவை திக்க வேண்டும். "மெதுவா", "ரிலாக்ஸ்" இதெல்லாமும் வேண்டாம். கண்ணைத் திருப்பாமல் சாதாரணமாக அவனைப் பார்த்துக்கொண்டிரு. அவன் முடித்ததும் அவன் சொன்னதற்குப் பதில் சொல். அவ்வளவுதான்.

பூம்பாறை_அம்மா

கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பூண்டு அறுப்பு வேலைக்கு நடுவில் இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். என் பையனுக்கு மூன்றரை வயது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் கொஞ்ச நாளாக "அ-அ-அம்மா", "நா-நா-நா" என்று ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். என் அண்ணனுக்குத் திக்குவாய் உண்டு. மாமியார் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்கிறார், தடவவும் செய்கிறார். குளிருக்கு நாக்கு மடங்குகிறது என்கிறார்கள் இன்னும் சிலர். பக்கத்து வீட்டில் ஒருவர், திக்குகிற மாமாவோடு விடாதீர்கள், பார்த்துப் பழகிவிடும் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பேச்சுப்பயிற்சி_கோவை

வசம்பை முதலில் நிறுத்துங்கள். அதில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, சின்னக் குழந்தைக்கு அடிக்கடி கொடுக்கிற பொருள் அல்ல, திக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. மாமியாரிடம் "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று என் பேரில் போட்டுவிடுங்கள். குளிர் காரணம் இல்லை. மாமாவைப் பார்த்துப் பழகுவதும் இல்லை, மாமாவோடு தாராளமாக விளையாடட்டும்.

இந்த வயதில் பலருக்குத் தானாகப் போய்விடும். ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டைக் கவனிக்க வேண்டும், ஆண் குழந்தை, குடும்பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அதனால் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, முகத்தை இறுக்கி, கண்ணை மூடிக் கஷ்டப்பட்டுச் சொன்னாலோ, பேசவே தயங்கினாலோ காத்திருக்காதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையோடு சேர்ந்த இடையீட்டுச் சேவை மையத்தில் பேச்சுப் பயிற்சியாளரைக் கேளுங்கள், 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசம். ஆறு வயதுக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும், ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம்ப் என்ற முறையில் பெற்றோரே வீட்டில் தினமும் செய்கிற மாதிரி பயிற்சியாளர் சொல்லித்தருவார்.

அதுவரை வீட்டில், அவனை மெதுவாகப் பேசு என்று சொல்லாமல் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். கேள்விமேல் கேள்வி கேட்பதைக் குறையுங்கள். விருந்தாளி வந்தால் "பாட்டுப் பாடு, ரைம்ஸ் சொல்லு" வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம், போனைத் தூர வைத்துவிட்டு, அவன் பேசப் பேச நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அவனே "ஏம்மா எனக்கு வர மாட்டேங்குது" என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். "சில சமயம் வார்த்தை மாட்டிக்கும், பரவால்ல, அம்மா கேட்டுட்டுதான் இருக்கேன்" என்று சொல்லலாம்.

பூம்பாறை_அம்மா

நன்றி மேடம். அண்ணனிடம் இதை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, பையனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டான்.

கட்டபெட்டுக்காரன்

உடனே பதில் போட முடியவில்லை, கொழுந்து அதிகம் வருகிற நேரம். நடந்ததைச் சொல்கிறேன்.

பெரியவர் சொன்ன மாதிரி சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். எல்லோர் முன்னாலும் பேச வாய் வரவில்லை, அதனால் முன்வரிசையில் நிற்கிற மூத்த அக்காவிடம் எடை போடுகிற இடத்தில் தனியாகச் சொன்னேன். "அது தெரிஞ்சதுதானே சார், இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு" என்றார். நான் மறைத்துவைத்திருக்கிறேன் என்று நினைத்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது போல! மறுநாள் அவரே எல்லோரிடமும் "சார் பேரைச் சொல்லி முடிக்கட்டும், யாரும் முந்தாதீங்க" என்று சொல்லிவிட்டார். ஊகித்துக் கத்துவது நின்றது. வராத ஆளுக்கு ஆஜர் விழுவதும் நின்றது, மேனேஜருக்கு அது போதும்.

"அகம்" உத்தி சில பேர்களுக்கு வேலை செய்கிறது. காளியம்மா பரவாயில்லை. கமலா இன்னமும் மாட்டுகிறது, ஆனால் கழுத்து இழுப்பது குறைந்திருக்கிறது. மாட்டினால் நின்று, தளர்த்தி, "க…மலா" என்று நீளமாக வருகிறது. அந்த அக்கா அதே நீளத்தில் "இரு…க்கேன்" என்கிறார். கிண்டல்தான், நானும் சிரித்துவிட்டேன். வேண்டுமென்றே திக்குவது மட்டும் என்னால் முடியவில்லை மேடம், நிஜமாகத் திக்குவதே போதுமான அளவு இருக்கிறது.

பேசிக் காட்டுகிற பையன் இன்னும் செய்கிறான். அவனை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, ஊனமுற்றோர் சான்றிதழ் இதற்குக் கிடைக்குமா, வீட்டில் கேட்கிறார்கள். இரண்டு, நேரில் பயிற்சி எடுக்க எங்கே போவது?

சேரம்பாடி_பெரியவர்

அவனுக்கு ஒரு நாள் செக்ரோலைக் கொடுத்துப் பேர் கூப்பிடச் சொல். திக்குவாய் இல்லாதவனுக்கும் அத்தனை பேர் முன்னால் தொண்டை வறளும்.

பேச்சுப்பயிற்சி_கோவை

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடு உண்டு. ஆனால் வரையறையில் குரல்வளை நீக்கம், மூளை பாதித்துப் பேச்சு இழத்தல் போன்றவைதான் உதாரணமாக இருக்கின்றன, திக்குவாய் என்று பேர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதனால் அதை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

பயிற்சிக்கு, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை வருவதுதான் உங்களுக்குச் சுலபம். வாராவாரம் வர முடியாவிட்டால் முதலில் நேரில் பார்த்துவிட்டு மீதியை வீடியோ அழைப்பில் வைத்துக்கொள்ளலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு மைசூர் பக்கம், நூறு கிலோமீட்டர் சொச்சம். அங்கே மானசகங்கோத்ரியில் 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு கேட்டல் நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசுடையது, ஆயிஷ் என்று கேட்டால் ஆட்டோக்காரருக்கே தெரியும். சொந்த வண்டியில் போகிறவர்கள் பந்திப்பூர் வழி இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதை மனதில் வைத்துக் கிளம்புங்கள், வெளிநோயாளிகள் பிரிவுக்குக் காலையிலேயே போய்ச் சேருவது நல்லது.

திக்குகிறவர்களே நடத்துகிற தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் என்ற அமைப்பும் இருக்கிறது, டிசா என்பார்கள். சுய உதவிக் குழுக்களாகச் சந்தித்துப் பேசுகிறார்கள், ஆன்லைனிலும் உண்டு. கல்லட்டி அண்ணா, போன் பேசிப் பழக அது நல்ல இடம். அங்கே நீங்கள் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் டவர் இல்லையா என்று கேட்க மாட்டார்கள்.

கல்லட்டி_36

சீசன் முடியட்டும், பார்க்கிறேன். கஸ்டமரிடம் சொல்வதில் இன்னும் எனக்கு உடன்பாடு இல்லை. சம்சாரத்திடம் சொல்லியிருக்கிறேன்.

மஞ்சூர்_மழை

கட்டபெட்டுத் தம்பி, கோவை போகிற நாளைச் சொல். நானும் வருகிறேன். டிக்கெட்டை யார் கேட்பது என்று பஸ் ஏறியதும் பேசிக்கொள்ளலாம்.